படிமக் களஞ்சியமும் இணையக் காப்பும்: பிழையாக எழுப்பப்படும் ஒரு வினா

தம் வாழ்நாள் உழைப்பாகிய படங்களை எந்த இணையச் சேமிப்பு நிறுவனத்திடம் ஒப்படைப்பது என்ற வினா இன்று நிழற்படக் கலைஞர் மத்தியில் பரவலாக எழுப்பப்படுகின்றது. விடை கூறுவோரும் பலர். ஆயின், வினவுவோரும் விடையிறுப்போரும் ஒருங்கே இரண்டு அளவுகோல்களையே கைக்கொள்வது கண்கூடு. மாதக் கட்டணம் எவ்வளவு, கொள்ளளவு எவ்வளவு என்பனவே அவை. வாடகைக்கு அறை தேடுபவன் கேட்கும் கேள்விகள் இவை. களஞ்சியமொன்றைப் பேண விழைபவன் கேட்க வேண்டியது வேறு. வைத்ததை மீள எடுப்பதற்கு எத்தனை நாட் செல்லும், என்ன செலவாகும், நிறுவனமே இல்லாதொழியும் நாளில் எவ்வழியால் எடுப்பது என்பனவற்றை விசாரியாது செய்யப்படும் தெரிவு தெரிவே அன்று.

2008 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை நோக்குக. நியூயோர்க்கைத் தளமாகக் கொண்ட டிஜிற்றல் றெயில்றோட் என்னும் நிறுவனம் தொழில்முறை நிழற்படக் கலைஞருக்கென்றே அமைந்தது. அவர்தம் படங்களைச் சேமித்து வைப்பதும் விற்பனைக்கு உதவுவதும் அதன் பணி. அதனை நாடியோர் பொழுதுபோக்குக்காகப் படம் பிடித்தோர் அல்லர். அத்துறையையே சீவனோபாயமாகக் கொண்டோர். அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில் நிதி நெருக்கடியால் நிறுவனம் மூடப்பட்டபோது, படங்களை எடுத்துச் செல்வதற்கு அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் 24 மணித்தியாலம்.

இந்த 24 மணித்தியாலத்தின் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். வினாடிக்கு 10 மெகாபிற் வேகமுடைய இணைப்பொன்று ஒரு முழு நாளில் இறக்கக்கூடியது ஏறத்தாழ 108 கிகாபைற். மூலக் கோப்பு ஒன்று 30 மெகாபைற் எனக் கொண்டால் 3,600 படங்கள். ஒரு திருமண வைபவத்துக்கே 3,000 படங்கள் எடுக்கப்படும் காலம் இது. 2 ரெராபைற் அளவான களஞ்சியம் முழுவதையும் மீட்க அதே இணைப்பு இடையறாது 18 நாட்களுக்கு மேல் இயங்குதல் வேண்டும். மேலேற்றும் வேகமோ பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் இறக்கும் வேகத்திலும் குறைவு. ஆதலால், ஓரிடத்தில் மூடுவிழா நடக்கும்போது மற்றோரிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்போர் இக்கணக்கை ஒருபோதும் இட்டுப் பார்த்தவரல்லர்.

சிறிய நிறுவனங்கள் மூடப்படுவது இயல்பு, பெரியதை நம்பினால் ஆயிற்று என்பது அடுத்து எழும் வாதம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிழற்படத்தின் மறுபெயராகவே விளங்கிய கொடக் நிறுவனம் 2012 சனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்பைக் கோரியது. அதன் இணையப் படக்கூடம் அவ்வாண்டு யூலையில் மூடப்பட்டது. அங்கிருந்த படங்கள் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டமை உண்மையே. ஆயினும் அம்மாற்றத்தை நிர்ணயித்தவை கடன் நெருக்கடியும் நீதிமன்றமுமேயன்றிப் படமெடுத்தோரின் விருப்பம் அன்று.

‘இலவசம்’, ‘வரையறையற்றது’ என்னும் சொற்களின் வரலாறு இதனினும் இரங்கத்தக்கது. யாகூவின் உடைமையாயிருந்த பிளிக்கர் 2013 மே மாதத்தில் ஒவ்வொருவருக்கும் 1 ரெராபைற் இலவசம் என அறிவித்தது. 2018 இல் உடைமை கைமாறியது. அவ்வாண்டு நவம்பரிலேயே இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள்தான் என எல்லையிடப்பட்டு, மிகுதியானவை பழையனவற்றிலிருந்து தொடங்கி நீக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. களஞ்சியத்தில் பழையதற்கே பெறுமதி அதிகம் என்பதை அறியாதோரின் ஏற்பாடு அது. கூகிள் 2015 இல் வரையறையற்ற இலவச இடத்தை வழங்கியது; 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களைச் சுருக்கியே அதனை வழங்கியது; 2021 யூன் முதலாந் திகதியுடன் அதனையும் நிறுத்தியது. அமசன் ஆண்டுக்கு 60 டொலருக்கு அளித்த வரையறையற்ற சேமிப்பு 2015 இல் தோன்றி 2017 இல் மறைந்தது. இவற்றை மோசடி எனல் பொருந்தாது. பயனர் வாசியாது ஒப்பமிடும் நிபந்தனைகளில் இவற்றுக்கெல்லாம் இடம் இருந்தது. நிறுவனம் தன் இலாபத்தை நாடுவதில் வியப்பில்லை. நிபந்தனைகளை வாசியாமலே பிறருக்குச் சிபாரிசு செய்வோரின் துணிவுதான் வியப்புக்குரியது.

கட்டணம் செலுத்திப் பெறும் சேவைகளிலும் நுழைவாயில் அகன்றும் வெளிவாயில் ஒடுங்கியும் இருத்தல் கூடும். அமசனின் ஆழ்சேமிப்பில் 2 ரெராபைற்றை வைத்திருக்க, அமெரிக்கப் பிராந்திய விலைப்படி, மாதம் ஏறத்தாழ 2 டொலர் போதும். இதனைக் கேட்டு மகிழ்பவர், அவ்வளவையும் ஒருமுறை இணையவழி மீளப்பெற 170 டொலருக்கு மேல் செல்லும் என்பதையும், மலிவான முறையில் வேண்டினால் கோப்புகள் ஆயத்தமாகவே 48 மணித்தியாலம் வரை ஆகலாம் என்பதையும் வன்தட்டுப் பழுதான பின்னரே அறிகின்றார். முற்றாக வெளியேறும் வாடிக்கையாளர் விண்ணப்பித்தால் வெளியேற்றக் கட்டணம் தள்ளப்படும் என 2024 மார்ச்சில் அந்நிறுவனம் அறிவித்தது. வெளியேற எண்ணாது, இழந்ததை மீட்க மட்டும் விழைபவருக்கு அச்சலுகையால் யாது பயன்? ஆழ்சேமிப்புத் தீயது என்பது இதன் பொருளன்று. அரிதாகவே திறக்கப்படும் இறுதிப் பிரதிக்கு அது ஏற்றதே. அதனைத் தெரிபவர் 2 டொலரையன்றி 170 டொலரையே அதன் விலையாகக் கொள்ளல் வேண்டும்.

ஒத்திசைவையும் காப்பையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கமும் இங்கு சுட்டத்தக்கது. கணனியிலுள்ள கோப்புறையை அவ்வாறே இணையத்தில் பிரதிபலிக்கும் சேவைகள், கணனியில் அழிக்கப்பட்டதை இணையத்திலும் அழித்துவிடுகின்றன. பழுதடைந்த கோப்பு நல்ல கோப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. முந்திய வடிவங்களை எத்தனை நாட்களுக்கு வைத்திருக்கும் என்பதைக் கூறாத சேவை, நிழற்படக் கலைஞருக்கு ஒரு கண்ணாடியேயன்றிக் களஞ்சியம் ஆகாது.

இவ்வாதங்களைக் கேட்டு, இணையமே வேண்டாம், வன்தட்டுகளை அலுமாரியிற் பூட்டி வைத்தால் போதும் என மறுகோடிக்குச் செல்வோரும் உளர். அவர்கள் ஜாக் லோவின் கதையை அறிதல் நன்று. அமெரிக்க சனாதிபதி கெனடியின் தனிப்பட்ட நிழற்படக் கலைஞராக விளங்கிய லோவின் 40,000 இற்கு மேற்பட்ட நெகற்றிவ்கள் நியூயோர்க் உலக வர்த்தக மையத்தில் ஒரு வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் இருந்தன. அதனினும் உறுதியான அலுமாரி எவரிடம் உண்டு? 2001 செப்ரெம்பர் 11 ஆம் திகதி அவை அழிந்தன. வேறிடத்தில் இருந்த தொடர்பு அச்சுத் தாள்கள் எஞ்சியமையாற்றான், அவற்றின் சிறு படங்களிலிருந்து பலவற்றைச் செப்பனிட்டு 2013 இல் காட்சிக்கு வைத்தல் இயன்றது. தரத்திற் குறைந்த பிரதி, ஆயின் வேறோர் இடத்தில் இருந்த பிரதி. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களுடன் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின என்பதை அறிந்த சமூகத்துக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இணையமும் ஓர் இடமே. ‘முகில்’ என்ற உருவகம் அதனை மறைக்கின்றது. 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தழிந்தது. மூலத்தையும் காப்புப் பிரதியையும் அவ்வளாகத்திலேயே வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். 2025 செப்ரெம்பரில் தென் கொரியாவின் டேஜோன் நகரில் அரச தரவு மையம் தீப்பற்றியபோது, அரச ஊழியர் பயன்படுத்திய சேமிப்பகத்தின் 858 ரெராபைற் அழிந்தது. அதற்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. மூன்று பிரதிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் விதியை வகுத்துப் பரப்பிய பீற்றர் குறோ ஒரு நிழற்படக் கலைஞரே. அவ்விதியின்படி நோக்கின் இணையச் சேவைக்குரிய இடம் மூன்றாவது பிரதியின் இடம். அவ்விடத்தில் அது இன்றியமையாதது. முதலாவது இடத்தில் அதனை அமர்த்துவதே தவறு.

இலங்கையில் இருப்பவருக்குப் பிறிதொரு நியாயமும் உண்டு. இச்சேவைகளின் கட்டணம் டொலரிற் கணிக்கப்படுகின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 2,000 ரூபாவாயிருந்த 10 டொலர், மே மாதமளவில் ஏறத்தாழ 3,600 ரூபாவாயிற்று. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட அந்நாட்களில் மேலேற்றம் என்பது கனவே. எனவே மிக மலிந்த சேவையைத் தேடுவதிலும், சில மாதங்கள் கட்டணம் தவறினால் கோப்புகளுக்கு என்ன நேரும் என்பதை எழுத்தில் கூறும் சேவையைத் தேடுவதே இங்கு அறிவுடைமை. தெரிந்தெடுத்த பின்னரும் ஆண்டுக்கொருமுறையேனும் 50 கிகாபைற் அளவை மீட்டெடுத்து, மூலத்துடன் ஒப்பிட்டு, படங்கள் திறக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். இதனைச் செய்து பார்த்தவர் ஒருவரும் கட்டணப் பட்டியலை முதலில் வாசிப்பதில்லை.

கட்டணம் தவறுவதைப் பற்றிய பேச்சு விவியன் மேயரை நினைவூட்டுகின்றது. சிக்காகோவில் பிள்ளை பராமரிப்பவராகத் தொழில் செய்த அப்பெண்மணி, 100,000 இற்கு மேற்பட்ட நெகற்றிவ்களை எவருக்கும் காட்டாமற் சேர்த்து வைத்திருந்தார். களஞ்சிய அறையின் வாடகை கட்டப்படாமையால் அவற்றுட் பெரும்பகுதி 2007 இல் ஏலத்தில் விற்கப்பட்டது. 2009 இல் அவர் மறைந்தார். ஏலத்தில் வாங்கியோரின் வழியே உலகம் அவரை அறிந்தது. வாடகை தவறிய இணையக் கணக்கை எவரும் ஏலத்தில் விடுவதில்லை. குறித்த தவணை கழிந்ததும் அது நீக்கப்படுகின்றது. கடவுச்சொல்லை அறிந்த ஒருவரேனும் குடும்பத்தில் இல்லாதவிடத்து, அத்தவணை ஓடிக்கொண்டிருப்பதையும் எவரும் அறியார்.