நாணயம் வைத்திருப்பவரே நீதிபதி ஆகலாமா?

2023 நவம்பரில், நூற்றைம்பது பேருக்கும் குறைவான ஒரு குழுவின் கையில் பெரும் பொறுப்பு வந்து சேர்ந்தது. ஆப்டிமிசம் என்ற பிளாக்செயின் வலையமைப்பு, தனக்குப் பயன்பட்ட பொதுநலப் பணிகளுக்காக தன் நாணயமான ஓபி டோக்கன்களில் 3 கோடியை ஒதுக்கியிருந்தது. முடிவு வெளியான 2024 ஜனவரியின் சந்தை விலையில் அது சுமார் 10 கோடி டாலர். யாருக்கு எவ்வளவு என்பதை இந்தக் குழுவினர் வாக்களித்து முடிவு செய்ய வேண்டும். பட்டியலில் 643 திட்டங்கள். அவகாசம் ஏறக்குறைய ஒரு மாதம். எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பதென்றால் நாளொன்றுக்கு இருபதுக்கு மேல். அதுவும் சொந்த வேலைக்கு நடுவே.

இறுதியில் 501 திட்டங்களுக்குப் பணம் கிடைத்தது. அத்தனை பேருக்குப் பங்கு கிடைத்தது நல்ல செய்திதான். ஆனால் இந்த முறையில் முன்பே பெயர் தெரிந்தவர்களுக்கு வாக்கு எளிதாக விழுந்தது, சத்தமில்லாமல் உழைத்தவர்கள் பின்தங்கினார்கள் என்ற குறை அந்தச் சமூகத்துக்குள்ளேயே எழுந்தது. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது.

இங்கே பேசப்படுவது கிரிப்டோ சூதாட்டம் அல்ல. எல்லாரும் பயன்படுத்தும், ஆனால் யாரும் விலை கொடுத்து வாங்காத மென்பொருள்களுக்கு யார் சோறு போடுவது என்ற பழைய கேள்வி. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளியே தெரிந்தபோது உலகமே பதறியது. இணையத் தளங்களில் பெரும்பகுதியைக் காத்துவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில்தான் அந்த ஓட்டை; அதற்கு அதுவரை ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான். முழுநேரமாக அதைக் கவனித்தவர் ஒருவர். வங்கிகளும் பெருநிறுவனங்களும் அந்த ஒருவரின் தோளில்தான் உட்கார்ந்திருந்தன.

இந்த அநியாயத்தைச் சரிசெய்ய பிளாக்செயின் உலகம் எடுத்த முயற்சிகளில் மிகவும் பேசப்பட்டது ‘குவாட்ராட்டிக் ஃபண்டிங்’. எத்தீரியம் என்ற பிளாக்செயினை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரின், அவரோடு சோயி ஹிட்சிக், கிளென் வெய்ல் மூவரும் 2018-இல் எழுதிய கட்டுரை இதற்கு அடிப்படை. கிட்காயின் நிறுவனம் 2019-இல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கணக்கு இதுதான்: ஒரு திட்டத்துக்கு வந்த ஒவ்வொரு நன்கொடைக்கும் வர்க்கமூலம் கண்டு, அவற்றைக் கூட்டி, கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்த வேண்டும். ஒரே ஆள் 100 ரூபாய் தந்தால் வர்க்கமூலம் 10. அதை வர்க்கப்படுத்தினால் மறுபடி 100. பொது நிதியிலிருந்து கூடுதலாக ஒரு காசும் கிடைக்காது. அதே 100 ரூபாயை நூறு பேர் ஆளுக்கு ஒரு ரூபாயாகத் தந்தால் கூட்டுத்தொகை 100, அதன் வர்க்கம் 10,000. நன்கொடை போக மீதி 9,900 ரூபாயைப் பொது நிதி தர வேண்டும். நிதி போதாவிட்டால் எல்லாத் திட்டங்களுக்கும் அதே விகிதத்தில் குறையும். பணத்தின் அளவைவிட ஆட்களின் எண்ணிக்கைக்கு மதிப்பு தரும் அழகான ஏற்பாடு இது. இதைத் தாங்கிப் பிடித்த கிட்காயின் சுற்றுகள் பல கோடி டாலரைப் பல நாடுகளின் நிரலாளர்களிடம் சேர்த்தன.

ஆனால் இந்தக் கணக்கு நிற்பது ஒரே ஒரு நம்பிக்கையின் மீது: நூறு கணக்குகள் என்றால் நூறு மனிதர்கள். பிளாக்செயினில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் நூறு கணக்குகள் தொடங்கிவிடலாம். கள்ள ஓட்டு எங்கே லாபம் தருமோ அங்கே கள்ள ஓட்டு வந்தே தீரும், இங்கும் வந்தது. கிட்காயின், ‘பாஸ்போர்ட்’ என்ற அடையாளச் சரிபார்ப்பைக் கொண்டுவந்தது. ஒரே கூட்டம் சொல்லி வைத்தாற்போல் ஒரே திட்டங்களுக்குப் பணம் போட்டால், அந்தக் கூட்டத்தின் எடையைக் குறைக்கும்படி கணக்கையும் மாற்றினார்கள். அதற்கு ஒரு விலை உண்டு. ஒரே ஊரிலிருந்தோ ஒரே கல்லூரியிலிருந்தோ உண்மையாகவே சேர்ந்து ஆதரிக்கும் நண்பர்களின் குரலும் அந்த எடைக்குறைப்பில் அடிபடும்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் எளிய வழி, டோக்கனுக்கு ஒரு வாக்கு. ஆள் அடையாளம் தேவையில்லை, சர்ச்சையில்லை. ஆனால் பொதுப் பணத்துக்கு இதைவிட மோசமான வழி வேறில்லை. டோக்கன் வாக்கால் நடத்தப்படும் டிஏஓ என்ற வகை அமைப்புகளில் பெரிய பத்தை ஆராய்ந்த செயினாலிசிஸ் நிறுவனம், டோக்கன் வைத்திருப்போரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம் 90 சதவீத வாக்கு குவிந்திருப்பதாக 2022-இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற நிதி அமைப்பில் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஒருவர் நொடிக்கணக்கில் பெருங்கடன் வாங்கி, அதைக் கொண்டு வாக்குப் பெரும்பான்மையைத் திரட்டி, தன் தீர்மானத்தைத் தானே நிறைவேற்றி, கஜானாவைத் துடைத்துக் கடனையும் அடைத்துவிட்டார். அந்த அமைப்புக்கு இழப்பு சுமார் 18 கோடி டாலர். தாக்குதலுக்கு முன்வைத்த தீர்மானங்களில் ஒன்று உக்ரைனுக்கு நன்கொடை தருவதாக இருந்தது. தர்மத்தின் பெயரைச் சொல்லிக் கொள்ளையடிப்பது எந்தத் தொழில்நுட்பத்திலும் நடக்கும். ஆனால் வாக்கையே கடனுக்கு வாங்க முடிந்ததுதான் இங்கே விபரீதம்.

அந்த வகையில் ஆப்டிமிசம் எடுத்த முடிவு சரியானது. அங்கே இரண்டு அவைகளை அமைத்தார்கள். டோக்கன் வைத்திருப்போர் அவை ஒன்று. ஆளுக்கு ஒரு வாக்கு உள்ள குடிமக்கள் அவை மற்றொன்று. குடிமக்கள் அவையின் வாக்குரிமையை விற்கவும் கைமாற்றவும் முடியாதபடி வைத்தார்கள். பொதுநல நிதியைப் பிரிக்கும் அதிகாரம் இந்த இரண்டாவது அவைக்குத் தரப்பட்டது. எது பயன்படும் என்று முன்கூட்டி ஊகிப்பதைவிட எது பயன்பட்டது என்று பின்னால் பார்த்துச் சொல்வது எளிது என்பது அவர்களின் கொள்கை. 2021 இறுதியில் 58 திட்டங்களுக்கு 10 லட்சம் டாலர் தந்து தொடங்கினார்கள்.

ஆனால் 58 திட்டங்களுக்குப் பணம் பிரித்த முறையையே 643-க்கும் நீட்டினால் தாங்காது. அதை அவர்களும் உணர்ந்தார்கள். 2024-இன் நான்காவது சுற்றில் திட்டங்களுக்கு நேரடியாக வாக்களிப்பதை விட்டு, எந்த அளவுகோலுக்கு எவ்வளவு எடை என்று வாக்களிக்கும் முறைக்கு மாறினார்கள். பரிவர்த்தனை எண்ணிக்கை, பயனர் எண்ணிக்கை என்று எண்ணக்கூடியவற்றுக்கு இது பொருந்தும். ஒரு நிரலாளர் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய பயிற்சிக் கையேட்டை எந்த எண் அளக்கும்? பாதுகாப்பு ஓட்டை வராமல் பார்த்துக்கொண்டவரின் உழைப்பு எந்தப் பட்டியலில் ஏறும்? எண்ணுக்குப் பணம் என்றானதும், எண்ணை ஊதிப் பெருக்குவதற்கென்றே ஆட்கள் கிளம்புவார்கள் என்பதும் தெரிந்த கதை.

ஆகவே மனிதத் தீர்ப்பைத் தவிர்க்கப் பார்ப்பதைவிட அதை ஒழுங்காக நடத்துவதே வழி. துறைவாரியாகச் சுற்றுகளைப் பிரித்து, ஒரு நடுவருக்கு முப்பது நாற்பது திட்டங்களுக்கு மேல் தரக்கூடாது. படிக்கும் நேரத்துக்கு நடுவருக்கு ஊதியம் தர வேண்டும்; இலவசமாகக் கேட்டால் அவசரத் தீர்ப்புதான் கிடைக்கும். நடுவர்களை வலையமைப்பின் அறக்கட்டளை கைகாட்டுவதைக் குறைத்து, துறை தெரிந்தவர்களின் பெரிய பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கலாம். தான் வேலை செய்த, முதலீடு செய்த திட்டங்களை அவர்கள் முன்கூட்டியே அறிவித்து ஒதுங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எழுத்தில் காரணம். பிளாக்செயின் பேரேட்டில் எந்தக் கணக்குக்கு எந்த நிமிடம் எவ்வளவு போனது என்பதை உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அது சாதாரண சாதனை அல்ல, பல அரசாங்கங்களின் மானியக் கணக்கில்கூட அந்த வெளிச்சம் கிடையாது. ஆனால் ஏன் போனது, ஏன் மறுக்கப்பட்டது என்று அந்தப் பேரேட்டில் ஒரு வரி இல்லை. நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நான்கு வரி விளக்கமும், மேல்முறையீட்டுக்கு இரண்டு வாரமும் தருவதற்குப் புதிய கணிதம் எதுவும் தேவையில்லை. அடுத்த சுற்றை அறிவிக்கும் எந்த வலையமைப்பும் நிதியின் தொகையோடு இந்த விதியையும் சேர்த்தே அறிவிக்கலாம்.