சீட்டு யாருக்கு?

சித்தூர், திருப்பதி வாழ் நம்மவர்க்குக் கிரிக்கெட் எனில் சேப்பாக்கமே. 1999 ஜனவரி டெஸ்டில் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும், இந்தியா 12 ஓட்டங்களில் பாகிஸ்தானிடம் தோற்றது. அப்பொழுதும் ரசிகர்கள் எழுந்து நின்று, வென்றவர்க்குக் கரகோஷம் செய்தனர். அத்தகையோர்க்கு இன்று ஐ.பி.எல். சீட்டு எளிதில் கிட்டுவதில்லை. கம்பெனிகளோ தம் விருந்தினர்க்கெனத் தனி மாடங்களையே வாங்கிவிடுகின்றன. அப்பணம் ஆட்டத்தை வளர்க்கிறது, மறுப்பதற்கில்லை. எனினும், விருந்துக்கு வந்தவர் தோல்வி நெருங்கினால் எழுந்து போவார். கைப்பணம் கொடுத்து வந்தவரே கடைசிப் பந்துவரை இருப்பார்.

திருமலையில் 300 ரூபாய்ச் சீட்டுக்குத் தனி வரிசை உண்டு. கட்டணமில்லாச் சர்வதரிசனமும் உண்டு. அவ்வாறே சேப்பாக்கத்திலும் மலிவுச் சீட்டில் ஒரு பங்கை நேரில் விற்க ஒதுக்குவார்களாயின், ஆட்டத்துக்கு உயிரான கூட்டம் அங்கே நிலைக்கும்.