அட்டெண்டன்ஸும் ஆட்டமும்

குகேஷ் உலக சாம்பியன் ஆனது 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில். அன்னைக்கு நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம். ஆனா அதுக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னாடி சென்னையில் நடந்த ஒரு டோர்னமெண்ட் பத்தி யாரும் பேசுறதே இல்லை.

உலக சாம்பியனோட மோதணும்னா முதலில் எட்டு பேர் ஆடும் கேண்டிடேட்ஸில் ஜெயிக்கணும். அந்த எட்டு பேரில் ஒருத்தரா நுழைய சில வழிகள் உண்டு. அதில் ஒண்ணு ஃபிடே சர்க்யூட்: வருஷம் முழுக்க ஆடிய நல்ல டோர்னமெண்ட்களின் பாயிண்ட்ஸைக் கூட்டிப் பார்ப்பார்கள். 2023 கடைசியில் நெதர்லாந்தின் அனிஷ் கிரியைத் தாண்டினால்தான் குகேஷுக்கு இடம் என்ற நிலை. வருஷம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. அப்போது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 50 லட்சம் பரிசுத்தொகையோடு சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியை அவசரமா ஏற்பாடு செய்தது. குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் 7-க்கு 4.5 எடுத்தார்கள், டைபிரேக்கில் குகேஷ் முதலிடம். கேண்டிடேட்ஸ் கதவு திறந்தது.

"ஒருத்தருக்காக டோர்னமெண்டா?" என்று வெளிநாட்டில் முணுமுணுத்தார்கள். சரி, சிங்கப்பூரில் குகேஷுக்கு எதிரே உட்கார்ந்திருந்த டிங் லிரென் எப்படி வந்தார்? 2022 மார்ச்சில், உக்ரைன் போரை ஆதரித்துப் பேசிய கர்யாக்கினுக்கு ஃபிடே தடை போட்டது. காலியான இடம் ரேட்டிங்படி டிங்குக்குப் போகணும். ஆனா ஒரு வருஷத்தில் 30 ஆட்டம் ஆடியிருக்கணும் என்பது விதி, கொரோனாவால் டிங் ஆடியது நாலே நாலு. நம்ம பாஷையில் சொன்னா மார்க் இருக்கு, அட்டெண்டன்ஸ் இல்லை. சீன சங்கம் உடனே போட்டிகளை ஏற்பாடு செய்ய, ஒரே மாதத்தில் 28 ஆட்டம் ஆடி முடித்தார்.

ஆக அந்த போர்டின் இரண்டு பக்கமும், சொந்த ஊர் கடைசி நேரத்தில் நடத்திய போட்டிகள் வழியா வந்தவர்கள். இது மோசடி இல்லை. ரெண்டு பேரும் ஆடித்தான் ஜெயித்தார்கள். ஃபிடே என்ற அமைப்பே அப்படித்தான் இயங்குது. 1924-ல் பாரிஸில் தொடங்கிய அதில் இன்று சுமார் 200 நாட்டுச் சங்கங்கள் உறுப்பினர். தேர்தலில் நாட்டுக்கு ஒரு ஓட்டு, இந்தியாவானாலும் குட்டித் தீவானாலும். விதி எழுதுவது ஃபிடே. ஆனா பெரும்பாலான போட்டிகளுக்கு ஹால், ஹோட்டல், பரிசுப்பணம் தருவது அந்தந்த நாட்டுச் சங்கமோ அரசோ ஸ்பான்சரோதான். ஓட்டில் இருக்கிற சமத்துவம் ஆடக் கிடைக்கிற வாய்ப்பில் இல்லை.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையே எடுத்துக்குங்க. 2500 ரேட்டிங் வேணும், 2600 தரத்தில் ஆடிய நார்ம்களும் வேணும். சாதாரணமா ஒரு நார்ம் கணக்கில் வர, எதிரே ஆடியவர்களில் குறைந்தது ரெண்டு வெளிநாட்டுச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் இருக்கணும். ஒண்ணு நாம ஐரோப்பா போகணும், இல்லைன்னா யாராவது அவர்களை இங்கே கூட்டி வரணும். ரெண்டுக்கும் மூளை மட்டும் போதாது, விசா, டிக்கெட், லட்சக்கணக்கில் பணம்.

அதனால 2023-ல் தமிழ்நாடு செய்தது சரி என்பேன், எந்தக் கூச்சமும் இல்லாமல். கேள்வி வேறு. அதே உதவி 2700 ரேட்டிங் வந்த பிறகுதான் கிடைக்குமா? வேடசந்தூரிலோ நத்தத்திலோ ஒரு பொண்ணு முதல் ரேட்டிங் வாங்க, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது அஞ்சு ஆட்டம் ஆடணும். ரேட்டிங் டோர்னமெண்டுக்காக சென்னை போனா நாலஞ்சு நாள் ரூம் வாடகை, எண்ட்ரி ஃபீஸ், அப்பாவோ அம்மாவோ கூடவே லீவு. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்காக அரசுப் பள்ளிகளில் போட்டி வைத்தபோது எத்தனை பசங்க ஆர்வமா வந்தாங்க! அவங்களோட அடுத்த படி பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கணும்.

திண்டுக்கல்லைச் சுற்றி எத்தனை இன்ஜினியரிங் காலேஜ்! செமஸ்டர் லீவில் ஆடிட்டோரியமும் ஹாஸ்டலும் காலியா கிடக்குது. மாவட்டச் சங்கம் மூலமா மாநிலச் சங்கத்திடம் தேதி கேட்டு, ஆர்பிட்டர் வைத்து, அனுமதிக் கட்டணம் கட்டினால் ரேட்டிங் ஓபன் நடத்தலாம். சிம்போசியத்துக்கு டிஜே கூட்டி வர ஸ்பான்சர் பிடிக்கிற நமக்கு இது முடியாதா? அடுத்த வருஷ கமிட்டி, கேட்குதா?