ஓடவும் தெரிய வேண்டும், நிற்கவும் தெரிய வேண்டும்



"ஊரிலையிருந்து ஓடி வந்தது காணாதே, இஞ்சை வந்தும் ஓட வேணுமே?"

2025ஆம் ஆண்டு ஜனவரியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓட்டப் பயிற்சி தொடங்கியபோது, எங்களில் ஒருவரின் தாயார் கேட்ட கேள்வி இது. அன்று எல்லோரும் சிரித்தோம். அந்தக் கேள்வியில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது மே மாதத்தில்தான் எங்களுக்கு விளங்கியது.

இந்தப் பக்கத்தில் வழக்கமாக நோய், மருந்து, உணவு பற்றியே எழுதி வருகிறோம். இம்முறை ஒரு வருட ஓட்ட அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கிறோம். எங்களில் எவரும் விளையாட்டு வீரர் அல்லர். கடை நடத்தும் 57 வயது அண்ணர் ஒருவர், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை செய்யும் அக்கா ஒருவர், கணக்காளரான தங்கை ஒருவர், படிப்பு முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர், இவர்களுடன் இதை எழுதும் குடும்ப வைத்தியரான நாமும். செப்டெம்பரில் நியூகாசிலில் நடக்கும் கிறேற் நோர்த் ரன் அரை மரதனை ஓடி முடிப்பது எங்கள் இலக்கு. தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு நிதி சேர்த்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு அதன் மூலம் ஐந்து இடங்கள் எடுத்தோம். அரை மரதன் என்பது 21.1 கிலோ மீற்றர். ஜனவரியில் எங்களில் நான்கு பேரால் ஒரு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட முடியாது.

சனிக்கிழமைக் காலைகள்

தொடக்கம் பார்க்ரன். இதை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 2004ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் திகதி லண்டன் ரெடிங்ரனில் உள்ள புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கிய 5 கிலோ மீற்றர் ஓட்டம் அது. இன்று பல நாடுகளிலும் நடக்கிறது. இங்கிலாந்தில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. கட்டணம் இல்லை. ஓடலாம், நடக்கலாம். கடைசியாக வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். ஆகவே எவரும் கடைசி ஆவதில்லை.

சனிக்கிழமை காலை எங்கள் சனத்துக்குத் தமிழ்ப் பாடசாலை நேரம். ஒரு வீட்டார் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போக மற்றவர்கள் ஓடுவது என்று முறை வைத்துக்கொண்டோம். இதைச் செய்யாமல் பெண்கள் இருவரும் ஒரு நாளும் வந்திருக்க முடியாது. உடற்பயிற்சிக்கு முதலில் வேண்டியது சப்பாத்து அல்ல. வீட்டில் வேலையைப் பங்கிட ஒரு ஆள்.

முதல் நாள் அண்ணரும் நாமும் பெடியன்களைப் போல் பாய்ந்து ஓடினோம். இரண்டாவது கிலோ மீற்றரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி ஓடிய ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களைக் கடந்து போனார். சிறிது நேரத்தில் அக்காவும் கடந்து போனார். அவர் தொடக்கத்தில் இருந்தே ஒரு நிமிடம் ஓடி, ஒன்றரை நிமிடம் நடந்து வந்தவர். "கவுச் ரு ஃபைவ் கே" என்று தேசிய சுகாதார சேவை வெளியிட்டிருக்கும் ஒன்பது கிழமைத் திட்டத்தின் முதற் கிழமை அப்படித்தான் தொடங்குகிறது. கிழமைக்கு மூன்று நாட்கள் மட்டும். இடையில் ஓய்வு நாட்கள். இதை நாம் எத்தனையோ நோயாளருக்குச் சொல்லியிருக்கிறோம். எமக்கு அது தேவைப்படாது என்று நினைத்ததுதான் பிழை.

மார்ச்சில் ஒரு 10 கிலோ மீற்றர் ஓட்டம். ஐவரும் முடித்தோம். பதக்கங்களுடன் எடுத்த படம் அன்று மாலையே உறவினர்களின் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் படத்தில் இல்லாத ஒன்றும் அன்று நடந்தது. எட்டாவது கிலோ மீற்றரில் இருந்த ஏற்றத்தில் அண்ணர் நின்று, நெஞ்சைத் தடவினார். "காலமை இடியப்பத்தோடை சம்பல் கூடிப்போச்சு, வாயு" என்றார். இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. மீண்டும் ஓடினார். தங்கை இதைக் கண்டவர். ஆனால் முன்னால் ஓடிக்கொண்டிருந்த வைத்தியருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஏப்ரலில் எமது முறை. நீண்ட ஓட்டத்தை இரண்டு கிழமைக்குள் 8 கிலோ மீற்றரில் இருந்து 14 ஆக்கினோம். குதிக்கால் நோகத் தொடங்கியது. இபுபுரோஃபன் போட்டுக்கொண்டு பத்து நாட்கள் ஓடினோம். பிறகு காலையில் கட்டிலால் இறங்கிக் கால் ஊன்ற முடியாமல் மூன்று கிழமை நிற்க வேண்டி வந்தது. நோயாளி ஒருவர் இப்படிச் செய்துவிட்டு வந்திருந்தால் நல்ல பேச்சு வாங்கியிருப்பார்.

மே மாதத்து ஞாயிறு

மே மாதம் லண்டனுக்கு வெளியே ஒரு அரை மரதன். செப்டெம்பருக்கு ஒத்திகை. வெயில் நாள். குதிக்கால் முற்றாக மாறாதபடியால் நாம் ஓடியும் நடந்தும் பின்னால் போனோம். அதனால்தான் அண்ணருக்குப் பக்கத்தில் இருந்தோம். அவருக்கு ஒன்பது வருடமாகச் சலரோகம். பின்வருவதை அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறோம்.

பன்னிரண்டாவது கிலோ மீற்றரில் அவர் வேகம் குறைந்தது. கடைவாயிலும் இடது தோளிலும் ஒரு பாரம் என்றார். முகம் வேர்த்திருந்தது, ஆனால் ஓடும் எல்லோருக்கும் வேர்த்திருந்தது. நிற்கச் சொன்னோம். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "காசு தந்த சனத்துக்கு என்ன சொல்லுறது டொக்டர்? இன்னும் ஒன்பது கிலோ மீற்றர்தானே."

இப்போது வெட்கத்துடன் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். "சரி அண்ணை, மெல்ல நடந்து பாப்பம்" என்று சொல்லி இன்னும் இருநூறு மீற்றர் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். முப்பது வருட வைத்திய அனுபவம் அந்த இருநூறு மீற்றரில் எங்கே போனது என்று தெரியவில்லை. எமக்கும் முடித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தது. பாரம் குறையவில்லை. அப்போதுதான் அவரைப் பிடித்து நடைபாதையில் இருத்தினோம். முதலுதவியாளர் வந்தனர், அம்புலன்ஸ் வந்தது. இருதயத்தின் பிரதான நாடி ஒன்று பெரும்பகுதி அடைபட்டிருந்தது. அன்றே ஸ்ரென்ற் வைத்துத் திறந்தார்கள்.

மார்ச்சில் வந்ததும் வாயு அல்ல என்பது பின்பு தெளிவானது. உடல் வேலை செய்யும்போது வந்து, நின்றதும் போய்விடும் நெஞ்சுப் பாரம், இருதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்பதன் பழைய, நன்கு அறியப்பட்ட அறிகுறி. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது நெஞ்சு நோவாக வராமல் தாடையில், தோளில், வெறும் இளைப்பாக, அளவுக்கு மிஞ்சிய களைப்பாகவும் வரலாம்.

ஓட்டம் செய்த குற்றமா?

செய்தி பரவியதும் தொலைபேசி அழைப்புகள் வந்தன. "இந்த வயதில் ஏன் இந்த வேலை?" என்று கேட்காதவர் இல்லை. மறுமொழி இதுதான். நாடி மே மாதத்து ஞாயிறன்று அடைபடவில்லை. அது பல வருடங்களாகச் சிறுகச் சிறுக அடைபட்டு வந்தது. ஓட்டம் அதைக் காட்டிக் கொடுத்தது. கடையில் பெட்டி தூக்கும்போதும் ஒரு நாள் அது வந்திருக்கும். அப்போது பக்கத்தில் எவர் இருந்திருப்பார்?

அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மரதன், அரை மரதன் ஓடிய ஏறத்தாழ 1 கோடியே 9 இலட்சம் பேரை ஆராய்ந்தபோது, இருதயம் நின்றுபோனவர்கள் 59 பேர் மட்டுமே. அதாவது 184,000 பேருக்கு ஒருவர். ஓடுவதால் வரும் ஆபத்து மிகச் சிறியது. எங்கள் இனத்துக்கு ஓடாமல் இருப்பதால் வரும் ஆபத்தே பெரியது. தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வெள்ளையரிலும் பார்க்கப் பல மடங்கு அதிகம், அது இளம் வயதிலேயே வருகிறது, மாரடைப்பும் அப்படியே.

ஆகவே ஓட வேண்டாம் என்று இப்பக்கம் சொல்லாது. நாம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. எங்கள் சனத்துக்கு நிற்கத் தெரியாது.

வந்த காலத்தில் இரவில் பெற்றோல் ஸ்ரேசன், பகலில் ரெஸ்ரோரன்ற் என்று இரண்டு வேலை செய்தோம். ஊருக்குக் காசு அனுப்ப வேண்டும், சகோதரங்களைக் கூப்பிட வேண்டும், ஏஜென்சிக் கடன் கட்ட வேண்டும். காய்ச்சல் என்று படுத்தால் அன்றைய சம்பளம் இல்லை. அதற்கு முன்பு ஊரில், நின்றால் உயிர் இல்லை என்ற நிலையில் ஓடினோம். அந்தப் பழக்கம் எங்களைக் காப்பாற்றியது. அதை எவரும் குறைவாகப் பேச முடியாது. ஆனால் அதே பழக்கம்தான் இன்று நெஞ்சுப் பாரத்தை வாயு என்கிறது, இரத்தச் சோதனைக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைக்கிறது, "கலியாணம் முடியட்டும், பிறகு டொக்டரிட்டைப் போவம்" என்கிறது. அந்தத் தாயார் ஜனவரியில் கேட்ட கேள்வியின் பொருள் இதுதான் என்று இப்போது நினைக்கிறோம். ஓட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இன்னும் அதே ஓட்டமா என்றுதான் கேட்டார்.

அண்ணருக்கு நடந்த பின் மற்ற நால்வரும் சோதனை செய்தோம். அக்காவுக்கு இரும்புச் சத்து மிகக் குறைவு. இரவு வேலையின் களைப்பு என்று இரண்டு வருடம் எண்ணியிருந்தார். தங்கையின் HbA1c என்ற சர்க்கரைச் சோதனை 43. 42 முதல் 47 வரை நீரிழிவின் வாசற்படி. எமது இரத்த அழுத்தம் 150க்கு 94. எத்தனையோ பேரின் கையில் பட்டி கட்டி அழுத்தம் பார்க்கும் நாம் எமது கையில் கட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தம்பி ஒருவருக்குத்தான் குறை ஒன்றும் இல்லை.

வாசகர்களிடம் கேட்பது

ஓடத் தொடங்குமுன்: இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை, ஏற்கெனவே இருதய நோய், நீரிழிவு போன்றவை இல்லாதவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இலவச உடற் பரிசோதனை உண்டு. கடிதம் வந்தால் போங்கள். நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் உங்கள் ஜீ.பீ.யிடம் ஓடப் போவதைச் சொல்லுங்கள். இன்சுலின், கிளிக்கிளசைட் எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை இறங்கலாம்; மருந்தின் அளவையும் சாப்பாட்டையும் முதலே பேசி வைக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரி மீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரி மீற்றரும் எல்லை.

ஓடும்போது: பக்கத்தில் வருபவருடன் கதைக்க முடிய வேண்டும். கதைக்க முடியாவிட்டால் வேகம் கூட. நோவை மறைக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஓட வேண்டாம்.

நிற்க வேண்டிய நேரம்: நெஞ்சு, தாடை, தோள், கை, முதுகு எங்காவது பாரம் அல்லது இறுக்கம், வழமைக்கு மாறான இளைப்பு, தலைச்சுற்று வந்தால் அங்கேயே நில்லுங்கள். சில நிமிட ஓய்வில் போகாவிட்டால் 999. ஓய்வில் போய்விட்டாலும் மீண்டும் ஓடாமல், அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் "முடிச்சிட்டுப் பாப்பம்" என்று சொல்லக் கூடாது. அவர் வைத்தியராக இருந்தாலும்.

செப்டெம்பரில்

கிறேற் நோர்த் ரன் 1981 முதல் நடக்கிறது. நியூகாசிலில் தொடங்கி, ரைன் பாலத்தைக் கடந்து, சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் முடிகிறது. வழி நெடுகச் சனம். பெயர் தெரியாதவர்கள் தோடம்பழத் துண்டு நீட்டுகிறார்கள். நாங்கள் நால்வர் ஓடினோம். தம்பி முதலில் முடித்தார். அக்கா, தங்கை, நாம் மூவரும் ஓடியும் நடந்தும் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று முன்பு முடித்தோம். அண்ணர் கடற்கரையில் மனைவியுடன் நின்றார். மருத்துவமனையின் மறுவாழ்வு வகுப்புகளை முடித்து, இப்போது சனிக்கிழமைகளில் 5 கிலோ மீற்றர் நடக்கிறார். அவருக்குக் காசு தந்தவர்களில் ஒருவர்கூட அதைத் திருப்பிக் கேட்கவில்லை. சிலர் கூட்டித் தந்தார்கள்.

அந்த வருடத்தில் அவர் முடிக்காமல் விட்ட ஓட்டம் ஒன்றுதான். நாங்கள் ஐவரும் சேர்ந்து சரியாகச் செய்த காரியமும் அதுதான், இருநூறு மீற்றர் பிந்தியேனும்.

லண்டன் திரும்பிய இரவு தங்கையின் வீட்டு வாசலில் அந்தத் தாயார் காத்திருந்தார். எவ்வளவு நேரத்தில் ஓடினீர்கள் என்று கேட்கவில்லை. பதக்கத்தையும் பார்க்கவில்லை. "எல்லாரும் வந்திட்டியளோ?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு முன் பூங்கா வாசலில் நிற்கிறோம். நடக்க விரும்புபவர்கள் அண்ணருடன் வரலாம்.