முதலில் எதை விற்பது?



ஏற்காடு, கொல்லிமலை என்று புறப்படும் இளைஞர்கள், மரங்களுக்கிடையே தூளி கட்டி இரவு தங்க என்னென்ன வேண்டுமென்று முத்தாண்டிக்குப்பத்தில் நம் கடையேறிக் கேட்டால், இருப்பதையெல்லாம் அவர்கள் தலையில் கட்டுவது வியாபாரமாகாது.

முதலில் உறுதியான தூளியும், மரத்தைச் சுற்ற அகலமான பாலியஸ்டர் பெல்ட்டும் கொடுப்போம். நைலான் கயிறு பாரத்தில் நீளும். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். அடுத்து கொசுவலை, மழைக்குத் தார்ப்பாய். மலைக்குளிர் முதுகுப்பக்கம் தாக்கும். ஆகவே இரண்டாவது போர்வைக்கு முன் அடியில் விரிக்க ஃபோம் பாய். விளக்கும் அடுப்பும் பிறகுதான்.

2011 தானே புயலில் நம் முந்திரியும் பலாவும் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். பட்ட மரத்தில் கட்டாதீர்கள், முழங்கால் உயரத்துக்கு மேல் தொங்காதீர்கள் என்று சொல்லியனுப்புவதும் நம் கடமையே.

இன்று நூறு ரூபாய் குறைந்தாலும், பத்திரமாகத் திரும்பியவர் நம் கடைக்கே வருவார்.