பூஜ்யத்தை நம்பலாமா?

சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலை. பாலை அடுப்பில் வைத்திருந்தேன். டெலிபோன் மணி அடித்தது. அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் இருக்கிற என் தங்கைதான் பேசினாள்.

"அக்கா! ஒரு பூஜ்யம் வந்து நிற்கிறது. என்ன செய்யட்டும்?"

பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை 1984-ல் அங்கே படிக்கப் போனவர். பகுதி நேர வேலை பார்த்து மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கமடோர் 64 என்று பெயர். 1982-ல் வந்த புதிதில் அதன் விலை 595 டாலர்; இரண்டே வருஷத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பார்த்தால் டைப் அடிக்கிற மிஷின் மாதிரி இருக்கும். டெலிவிஷனோடு இணைத்தால் எழுத்தும் படமும் வரும், பாட்டுக்கூடப் பாடும். அதன் ஞாபக சக்தியெல்லாம் 64 கிலோபைட்தான். இன்று கைபேசியில் எடுக்கிற ஒரு போட்டோவுக்குக்கூட அதில் இடம் போதாது!

மாப்பிள்ளை காலமாகி இரண்டு வருஷமாகிறது. தங்கை பெரிய வீட்டை விட்டுச் சிறிய பிளாட்டுக்குப் போகிறாள். பிள்ளைக்கு அந்தப் பெட்டியில் சிரத்தை இல்லை. குப்பையில் போட இவளுக்கு மனசு வரவில்லை. "அருமை தெரிந்தவர் கைக்குப் போகட்டும்" என்று, ஈபே என்னும் இணைய ஏலச் சந்தையில் போட்டாள்.

அங்கே ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். வியாபாரம் முடிந்ததும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதுகிற நற்சான்றின் கணக்கு அது. ஆறாம் நாள், 300 நற்சான்று உள்ள ஒருவரோடு போட்டி போட்டுக்கொண்டு புது ஆள் ஒருவர் 185 டாலர் வரை ஏற்றிவிட்டார். அவர் பெயருக்குப் பக்கத்தில் வெறும் பூஜ்யம்!

"ஏமாற்றுக்காரனாக இருந்தால்? அவர் கேட்டதை ரத்து செய்துவிடட்டுமா?" என்றாள் தங்கை.

"உன் பெயருக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "பூஜ்யம்தான்" என்றாள்.

எங்கள் அப்பா மயிலாப்பூர் வீட்டு மாடியை வாடகைக்கு விட்ட கதையை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். சிபாரிசு ஏதும் இல்லாமல் ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். "ஊர் பேர் தெரியாதவர்கள்" என்று அம்மா தயங்கினாள். "நாம் இந்த ஊருக்கு வந்த அன்று நம்மை யாருக்குத் தெரியும்? முன்பணம் கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடு, அவ்வளவுதான்" என்றார் அப்பா. அந்தத் தம்பதி பதினோரு வருஷம் இருந்துவிட்டு, கண்ணீரோடு காலி செய்தார்கள்.

சகோதரிகளே, ஏலச் சந்தைக்கும் இதுதான் விதி. பியர் ஓமிட்யார் என்பவர் 1995-ல் அந்தச் சந்தையைத் தொடங்கினார். அதில் முதலில் விலை போனது உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு; 14 டாலர் 83 சென்ட்! முகம் தெரியாதவர்கள் நம்பிப் பழக வேண்டுமே என்று 1996-ல் நற்சான்று முறை வந்தது. ஆனால் 2008 முதல், வாங்குகிறவரைப் பற்றி விற்கிறவர் குறை எழுத முடியாது. ஆகவே வாங்குபவருடைய பெரிய எண், அவர் பல தடவை வாங்கியவர் என்று சொல்லுமே தவிர, நாணயஸ்தர் என்று சத்தியம் செய்யாது. பழைய கணக்கைத் திருடி அதில் உட்கார்ந்திருக்கும் பேர்வழிகளும் உண்டு.

பழைய கம்ப்யூட்டர் விஷயத்தில் புதுமுகம் வருவதும் இயற்கை. பையனாக இருந்தபோது விளையாடிய பெட்டியைத் தேடி, அதற்கென்றே கணக்குத் திறக்கிறவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பூஜ்யத்தைப் பார்த்து மிரளவும் வேண்டாம். முன்பணமும் சாவியும் சரியாக இருக்கட்டும். சந்தையின் மூலமாகவே பணம் வரவேண்டும். வந்த பிறகே பார்சல் போகவேண்டும். அங்கே பதிந்துள்ள விலாசத்துக்கே அனுப்ப வேண்டும். "விலைக்கு மேலேயே செக் அனுப்புகிறேன், மீதியை என் ஆளுக்குக் கொடுத்துவிடு" என்று எவராவது சொன்னால், பேச்சை அத்தோடு முடியுங்கள். செக் சில வாரம் கழித்துத் திரும்பி வரும். நீங்கள் கொடுத்த மீதி வராது. அனுப்புமுன் பெட்டியின் வரிசை எண்ணையும் உள்ளே இருக்கும் பலகையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வேறு பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, "நீ அனுப்பியது இதுதான்" என்று சாதிக்கிறவர்களும் உண்டு.

குறையை மறைக்காமல் சொல்வது நம் பங்கு. அந்தக் கம்ப்யூட்டரின் பழைய மின்சாரப் பெட்டி கெட்டால், மின்சாரத்தை அதிகமாக விட்டு உள்ளே இருப்பதை எரித்துவிடும். தங்கை அதை விளம்பரத்திலேயே எழுதியிருந்தாள். பூஜ்யக்காரரோ, "தெரியும் அம்மா, புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்" என்று பதில் எழுதினார். நம்பிக்கைக்கு அதுவே பாதி சான்று.

அவருக்கே ஏலம் முடிந்தது. அன்று இரவே பணம் கட்டிவிட்டார். தனியாக விற்ற டிஸ்க் பெட்டியை எடுத்தவருக்கோ 400-க்கு மேல் நற்சான்று. அவர்தான் பணம் கட்டவில்லை! நாலு நாள் பொறுத்து, அதை ரத்து செய்து, அடுத்தபடியாகக் கேட்டவருக்குத் தங்கை கொடுத்தாள்.

பார்சல் கிடைத்ததும் பூஜ்யக்காரர் எழுதினார்: அவர் காலேஜுக்குப் போயிருந்தபோது, அவருடைய கமடோரை அவர் தாயார் யாருக்கோ தானம் கொடுத்துவிட்டாராம். ரிடையர் ஆன பிறகு தேட ஆரம்பித்தாராம். மாப்பிள்ளையின் பெயரை ஒரு சீட்டில் எழிதிப் பெட்டியின் அடியில் ஒட்டி வைக்கப்போகிறாராம். அதைப் படித்துக் காட்டும்போது தங்கைக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அவர் இவளுக்கு ஒரு நற்சான்று எழுதினார்; இவள் அவருக்கு ஒன்று எழுதினாள். இரண்டு பூஜ்யங்களும் அன்று ஒன்றாகிவிட்டன.