அரசிடம் ஒப்படைத்த மனசாட்சி

பகைவரை நேசிக்க வேண்டும் என்ற கட்டளையை எந்தக் கிறிஸ்தவரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. மறுக்காமலே அதை முடக்கிப்போடும் வழி ஒன்றை வைத்திருக்கிறோம். “அதெல்லாம் தனிமனித வாழ்க்கைக்கு. பக்கத்து வீட்டுக்காரரோடு மனத்தாங்கல் என்றால் மன்னித்துவிடலாம். நாடு என்று வரும்போது பொருந்தாது. போர் நியாயமா இல்லையா என்பதை ஆட்சியில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்; கீழ்ப்படிவது நம் கடமை.” மறையுரையிலும் விவிலிய வகுப்பிலும் இது அடிக்கடி காதில் விழுகிறது. ஆள்வோருக்குப் பணிந்திருக்கச் சொல்லும் உரோமையர் 13ஆம் அதிகாரமும் துணைக்கு வந்துவிடுகிறது. இந்த நம்பிக்கை நற்செய்திக்கும் முரண். திருச்சபையே வகுத்த நியாயப் போர்க் கோட்பாட்டுக்கும் முரண்.

மலைப்பொழிவைக் கேட்டவர்கள் உரோமைப் பேரரசின் பிடியில் கிடந்த மக்கள். வழியில் போகிற எவரையும் மடக்கித் தன் சுமையைத் தூக்கிவரச் சொல்லும் அதிகாரம் உரோமைப் படைவீரனுக்கு இருந்தது. ஒரு கல் தொலைவு வரச் சொன்னால் இரண்டு கல் போங்கள் என்று இயேசு சொன்னதன் பின்னணி அந்தக் கட்டாயச் சுமைதான். அதை ஒட்டியே பகைவரை நேசிக்கும் கட்டளையும் வருகிறது. ஆகவே, கேட்டவர்கள் மனத்தில் வரப்புத் தகராறு செய்யும் பங்காளி மட்டும் வந்திருக்க மாட்டான். ஆயுதத்தோடு தெருவில் நின்ற அந்நியனும் வந்திருப்பான். அரசியல் பகையை விலக்கிவிட்டு அந்தக் கட்டளையை வாசிக்கவே முடியாது.

“திருச்சபை போரை அனுமதித்திருக்கிறதே” என்பார்கள். உண்மைதான். புனித அகுஸ்தினார் தொடங்கி அந்தச் சிந்தனை வளர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா அதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: முறையான அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். நாமோ முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைகழுவிவிட்டோம். 16ஆம் நூற்றாண்டில் சலமான்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்த டொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா, ஐயம் இருக்கும்போது குடிமகன் அரசனை நம்பலாம் என்று இடம் கொடுத்தவர். அவரே, போர் அநீதியானது என்று மனத்துக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டால் அரசன் ஆணையிட்டாலும் போரிடக் கூடாது என்று தீர்த்துச் சொன்னார். அதாவது, நியாயப் போர்க் கோட்பாடு சாதாரணப் படைவீரனின் தலையிலும் ஒரு பொறுப்பைச் சுமத்துகிறது.

அந்தப் பொறுப்பை ஏற்றவர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடகுண்ட் என்ற சிற்றூரில் பயிர் செய்து பிழைத்தவர், பங்குக் கோயிலின் கோயில்பிள்ளை, மூன்று சிறு பெண்களின் தகப்பன். 1938இல் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைக்க வாக்கெடுப்பு நடந்தபோது ஊரிலேயே எதிர்த்து வாக்களித்தவர் இவர் ஒருவர்தான். பின்னர் ராணுவப் பயிற்சிக்குப் போய்வந்தார். ஆனால் ஹிட்லரின் போர் அநீதியானது என்ற முடிவுக்கு வந்தபின் அதில் ஆயுதம் ஏந்த மறுத்தார். காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்யும் வேலை என்றால் வருகிறேன் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

அவர் லின்ஸ் மறைமாவட்ட ஆயரைப் போய்ப் பார்த்தார். அரசு செய்யும் செயலுக்குத் தனி மனிதன் எவ்வளவு பொறுப்பாவான் என்று ஆயர் விளக்கினார். குடும்பத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னார். நம் காதில் அடிக்கடி விழும் அதே வாதம். யேகர்ஷ்டேட்டர் அதை ஏற்கவில்லை. 1943 ஆகஸ்ட் 9ஆம் நாள் பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. போர் முடிந்து நாஜி ஆட்சியே ஒழிந்த பிறகும் அந்த ஆயர் மனம் மாறவில்லை. 1946இல் மறைமாவட்ட இதழில் இவரைப் பற்றிய கட்டுரை வரவிடாமல் தடுத்தார். கடமை என்று நம்பிப் போரிட்டு மடிந்த கத்தோலிக்க இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்து. கணவனை இழந்த ஃபிரான்சிஸ்காவுக்கு 1950 வரை விதவை ஓய்வூதியம்கூடக் கிடைக்கவில்லை. 2007இல்தான் திருச்சபை யேகர்ஷ்டேட்டருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது. பட்டம் கொடுத்தோம், அவரைத் தனியே விட்ட அந்தப் போதனையை இன்னும் கைவிடவில்லை.

“ஹிட்லரை அன்பால் நிறுத்தியிருக்க முடியுமா?” பகைவரிடம் அன்பு என்று பேச்செடுத்தாலே வந்து விழும் கேள்வி இது. கேட்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஹிட்லரின் படையில் இருந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் திருமுழுக்குப் பெற்றவர்கள். ஜெர்மானியப் படைவீரனின் இடைவார்க் கொக்கியில் ஸ்வஸ்திகாவைப் பிடித்திருக்கும் கழுகு இருந்தது. அதற்கு மேலே ‘கடவுள் நம்மோடு’ என்று பொறித்திருந்தது. நியாயத்தை அரசு பார்த்துக்கொள்ளும் என்று கற்றுக்கொடுத்து வளர்த்த பிள்ளைகள்தாம் அந்தக் கொக்கியை மாட்டிக்கொண்டு போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் போனார்கள். ஹிட்லரை உதாரணம் காட்டும்போது யாராவது வாயடைத்துப்போக வேண்டும் என்றால், அது கீழ்ப்படிதலைப் போதித்தவர்கள்தான். ஊருக்குப் பத்து யேகர்ஷ்டேட்டர்கள் இருந்திருந்தால் அந்தப் படை எப்படித் திரண்டிருக்கும்?

ஹிட்லரை எதிர்த்த தரப்பின் காரணம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் காரணம் நியாயமாக இருப்பதால் எதையும் செய்யலாம் என்றாகிவிடாது. 1945 ஆகஸ்ட் 9ஆம் நாள், நாகசாகியில் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உராகாமி பகுதிக்கு மேலே அந்தத் தரப்பு வீசிய அணுகுண்டு வெடித்தது. அங்கிருந்த சுமார் 12,000 கத்தோலிக்கரில் சுமார் 8,500 பேர் மாண்டார்கள். பேராலயம் இடிந்து விழுந்தது. குண்டு வீசப் போனவர்களும் கிறிஸ்தவ நாட்டுப் பிள்ளைகளே. அவர்கள் புறப்பட்ட டினியன் தீவில் ஆன்ம குருவாக இருந்த அருட்தந்தை ஜார்ஜ் ஸபெல்கா, பொதுமக்களைக் கொல்வதற்கு எதிராகத் தாம் ஒரு மறையுரைகூட ஆற்றவில்லையே என்று பின்னாளில் ஊரறிய வருந்தினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நகரங்களை மக்களோடு சேர்த்து அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று கண்டித்தது. கண்டனம் வர 20 ஆண்டுகள் ஆயின.

பகைவரை நேசிப்பது என்றால் அவர் செய்த அநீதியை விழுங்கிக்கொள்வது அல்ல. கொலைகாரனை நீதிமன்றத்தில் நிறுத்தலாம். தாக்க வருகிறவனைத் தடுக்கலாம். ஆனால் அவனும் மனிதன் என்பதை எந்தக் கட்டத்திலும் மறக்கக் கூடாது. அவன் பிள்ளையைக் கொன்று அவனைப் பழிவாங்கக் கூடாது. நம் தரப்புச் சொல்வதாலேயே ஒரு பொய்யை நம்பக் கூடாது. நீதிக்கு இந்த அன்பு தேவை. அது இல்லாத இடத்தில் நீதி என்ற பெயரில் பழிதீர்ப்பதுதான் நடக்கிறது.

ஆகவே நம் ஆலயங்கள் மாற வேண்டும். தோமாவின் மூன்று நிபந்தனைகளையும் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். போர்க்காலத்தில் மன்றாட்டு வாசிக்கும்போது எதிர்த்தரப்பில் இறந்தவர்களுக்காகவும் வாய்விட்டு மன்றாட வேண்டும். மனசாட்சிக்காக ஆயுதம் ஏந்த மறுக்கும் இளைஞனைக் கோழை என்று ஊர் ஏசும்போது பங்குத்தந்தை அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும். போருக்குப் போகிறவர்களுக்கு ஆசி வழங்கத் தெரிந்த திருச்சபைக்கு, அந்தப் போர் அநீதியானது என்றால் ‘போகாதே’ என்று சொல்லவும் தெரிய வேண்டும்.